அக்கா கூப்பிடாத ஏழு மீட்டர்

பனியனின் கழுத்துப் பட்டையை அக்கா வலது கையால் ஒரு முறை தொடுவாள். அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நான் எழுந்து கோட்டருகே போய் நிற்பேன். அவள் கோலை விட்டு ஓடி வந்து என் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியேறுவாள். அவள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் நான் உள்ளே கால் வைக்கலாம்; அவசரப்பட்டு முந்தினால் நடுவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைத்துவிடுவார். வலைக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றால், ஏழு மீட்டர் தள்ளி எதிரணிக்காரி ஒருத்தி பந்தோடு நிற்பாள். நடுவில் யாரும் இல்லை. கால்பந்தில் பெனால்டி என்கிறார்களே, ஹேண்ட்பாலில் அதற்குப் பெயர் ஏழு மீட்டர். அவள் எறிவாள், நான் தடுப்பேன், அல்லது தடுக்க மாட்டேன். முடிந்ததும் நான் வெளியே, அக்கா உள்ளே. இந்தியப் பெண்கள் அணியில் என் சர்வதேச ஆட்டம் என்பது இவ்வளவுதான். எல்லாவற்றையும் கூட்டிப் போட்டாலும் ஒரு டீ குடிக்கிற நேரம் தேறாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அவள் பூதலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நான் நாகப்பட்டினத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் கடைக்குட்டி. அணியில் கோல்கீப்பர்கள் நாங்கள் இருவர், தமிழ் பேசுகிறவர்களும் நாங்கள் இருவரே. மற்றவர்கள் இந்தியிலும் பஞ்சாபியிலும் சிரித்துக்கொண்டிருக்க, நாங்கள் ஒரு மூலையில் எங்கள் பாஷையில் அவர்களைக் கேலி செய்துகொண்டிருப்போம். முகாமில் ஒரே அறை, சாப்பாட்டுக்கு ஒரே மேசை. ஆனாலும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறவர்கள். அவள் நன்றாக ஆடினால் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்; நான் ஆட வேண்டுமென்றால் அவள் சொதப்ப வேண்டும். இதை நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

அந்தச் சைகை பிறந்ததற்குக் காரணம் மண். அக்கா ஆடிப் பழகியது ஊரின் நெல்லடிக்கும் களத்தில். அறுவடை முடிந்து களம் காலியானதும் இரண்டு பக்கமும் மூங்கில் நட்டுக் கோல் கட்டிவிடுவார்களாம். மண் தரையில் குத்திய பந்து பாதி வேகத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தாழ்வாக வரும். காலைத் தரையோடு நீட்டினால் போதும், தடுத்துவிடலாம். நான் பழகியது சிஸ்டர்கள் நடத்திய பள்ளியின் சிமென்ட் முற்றத்தில். அங்கே குத்திய பந்து முகத்துக்கு வரும். வெளிநாட்டு அரங்குகளில் மரத்தரை. ஏழு மீட்டர் எறிகிறவர்களில் பலர் பந்தைத் தரையில் குத்தித்தான் எறிவார்கள். நேராக வரும் பந்தைத் தடுப்பதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. குத்தி எழும்பும் பந்துக்கு மட்டும் அவள் கால் தன்னால் தரையோடு போய்விடும், பந்து அதற்கு மேலே போய்விடும். எவ்வளவு பயிற்சி கொடுத்தும் அது மாறவில்லை. "என் காலு களத்துலயே நின்னு போச்சுடி. ஏழு மீட்டருக்கு நீ போ," என்று ஒருநாள் முகாமில் அவளே சொன்னாள். பயிற்சியாளரும் சரி என்றார். தன் இடத்தில் ஒரு துண்டை வெட்டி இன்னொருத்திக்குக் கொடுக்க எந்த ஆட்டக்காரிக்கும் மனசு வராது. அவளுக்கு வந்தது.

எங்கள் காலத்து அணியின் வெளிநாட்டுக் கணக்கு வெளியில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பக்கத்து நாடுகளோடு ஆடினால் ஜெயிப்போம். ஆசிய அளவில் என்று போனால், பெரிய அணிகள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிடும். தோல்வியில் கோல் போடத் தவறியவர்கள் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கோல் வாங்குகிறவள் ஒருத்திதான். ஒவ்வொரு முறையும் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு எறிய வேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். அறைக்கு வந்ததும் அக்கா குளித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். பந்து பட்டுக் கன்றிப்போன இடங்களில் நான் தைலம் தேய்த்துவிடுவேன். ஊருக்குத் திரும்பினால், "வாலிபால்ல எத்தனாவது வந்தீங்க?" என்பார்கள். "நல்லா வந்தோம்ங்க," என்று சொல்லிவிட்டு அக்கா நடையைக் கட்டுவாள்.

நான் சொல்ல வந்த ஆட்டம் ஒரு குளிர் நாட்டில் நடந்தது. அந்தப் போட்டியில் அதுவரை எல்லாவற்றிலும் தோற்றிருந்தோம். எங்களைப் போலவே எல்லாவற்றிலும் தோற்றிருந்த ஓர் அணியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் கடைசி இடம் அவர்களுக்கு. சமமாக முடிந்தால், மொத்தத்தில் கோல் அதிகம் வாங்கியவர்கள் என்ற கணக்கில் கடைசி இடம் எங்களுக்கு. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அது உயிர் போகிற விஷயம். அக்காவுக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதுதான் அவளுடைய கடைசி ஆட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு கோல் முன்னால் இருந்தோம். நேரம் முடியப்போகிற சமயத்தில் எங்கள் பெண் ஒருத்தி எதிரணிக்காரியைப் பின்னாலிருந்து இழுத்துவிட்டாள். நடுவர் ஏழு மீட்டர் காட்டினார். மணி அடித்துவிட்டது, அந்த ஒரு எறி மட்டும் பாக்கி.

நான் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோட்டருகே போய் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். கை கழுத்துக்குப் போகவில்லை. பயிற்சியாளர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் திரும்பிக்கொண்டு வலைக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள். எதிரணிப் பெண் பந்தைத் தரையில் குத்தினாள். அக்காவின் கால் தரையோடு போனது.

அவளை யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை. பேருந்தில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை, நான் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலேயே ஒரு பதிலை நானாகச் செய்துகொண்டேன். அப்போது எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கிற நேரம். அந்தக் கோலை நான் வாங்கியிருந்தால், ஜெயித்த ஆட்டத்தைக் கோட்டை விட்டவள் என்ற பெயர் என் தலையில் விழுந்திருக்கும். ஆட்டத்தை விட்டுப் போகிறவள், இருக்கப்போகிற எனக்காக அந்தப் பழியைத் தான் வாங்கிக்கொண்டாள். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

வேலை கிடைத்தது. தஞ்சாவூரில் ஓர் அலுவலகம், கீழவாசல் பக்கம் வாடகை வீடு. கல்யாணம் அமையவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு பேச்சுத் துணை இருந்தது. அம்மா போன பிறகு டிவி பேசுகிறது. அலுவலகத்தில் என்னை ஸ்போர்ட்ஸ் கோட்டா மேடம் என்பார்கள். எந்த ஸ்போர்ட்ஸ் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள்தான் மோசம். தெருவில் எல்லா வீட்டிலும் கறி வாசனை, ஆள் சத்தம். எனக்கென்று இந்த உலகத்தில் யார் என்ன செய்தார்கள் என்று மனசு கணக்குப் பார்க்க ஆரம்பிக்கும்போது, நான் அந்த ஆட்டத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். ஒருத்தி தன் கடைசி ஆட்டத்தையே எனக்காகக் கொடுத்தாள். அது போதும் என்று இருந்தேன்.

போன தை மாதம் கைபேசியில் எதையோ தேடப் போய், நம் அணியின் சர்வதேசக் கணக்கு மொத்தமும் இருக்கும் ஒரு பக்கத்தில் போய் விழுந்தேன். இப்போதைய பெண்கள் எங்களைவிட எவ்வளவோ மேல். எங்கள் ஆண்டுக்கு நேரே கடைசி இடம் என்றும், வெற்றி இல்லை, சமன் ஒன்று என்றும் இருந்தது. பெயர்கள் எதுவும் இல்லை. அந்தச் சமனைப் பார்த்ததும் அக்காவைப் பார்க்க வேண்டும் போல ஆகிவிட்டது. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் போனில் பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள். கூப்பிட்டேன். "கொள்முதல் நிலையத்துல நெல்லோட கெடக்கேன்டி. பாக்கணும்னா அங்கயே வா," என்றாள்.

பூதலூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். நிலையத்தின் முன்னால் குவியல் குவியலாக நெல். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஒரு ஆள். ஈரம் கூடுதல் என்று சொல்லி அக்காவின் நெல்லை இன்னும் எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா நன்றாகப் பெருத்திருந்தாள். முழங்காலில் பட்டை சுற்றியிருந்தாள். மடித்த சாக்கு ஒன்றை எனக்குப் போட்டாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் மூட்டு வலியைப் பற்றியும் பேசினோம். பேச்சு ஓய்ந்த இடத்தில் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க என்னக் கூப்பிடாதது எனக்காகத்தானே? என் வேலை கெட்டுடக் கூடாதுன்னுதானே?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்து ஈரம் பார்த்தாள்.

"உனக்காகவா?" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே அவளுக்கு ஆச்சரியம். "உன் வேலை நெனப்பெல்லாம் எனக்கு எங்க வந்துச்சு? இனிமே ஆடப் போறதில்ல. இந்த ஒண்ண நானே புடிச்சிட்டுப் போயிடுவோம்னு ஆசையா இருந்துச்சு. அவ்வளவுதான்."

கடித்த நெல்லின் உமியைத் துப்பினாள்.

"நீ போயிருந்தா புடிச்சிருப்ப. அது எனக்கு அப்பவே தெரியும்டி," என்றாள். "தெரிஞ்சுதான் கூப்புடல."

மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. அவள் எழுந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்தேன். நெல்லை மூடி ஓரங்களில் கல் வைத்தோம். பிறகு அவள் கொண்டுவந்திருந்த சாப்பாட்டில் பாதியைத் தூக்குவாளி மூடியில் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

தஞ்சாவூர் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. நான் தடுத்திருப்பேன் என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்டுச் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம் கோபத்தை இன்னும் கூட்டியது. எனக்காக ஒருத்தி செய்தாள் என்று இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்ததை அவள் போகிற போக்கில் இல்லை என்று சொல்லிவிட்டாள். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. கைபேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அலுவலகத்துக்காரர்கள், வீட்டுக்காரம்மா, காஸ், பால். இவர்களில் யாருக்கு ஏழு மீட்டர் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொல்வது? அக்காவையே கூப்பிட்டேன்.

"ஏறிட்டியா? உக்கார எடம் கெடச்சுதா?" என்றாள்.

"கெடச்சுதுக்கா."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்," என்றேன்.