பேனரில் ஏறிய கோடிங்

காப்புரிமை விண்ணப்பம் எழுதுகிற தொழிலில், யாருக்கும் தெரியாத ஒன்றை எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். ஆனால் எழுதி அனுப்புகிற வரைக்கும் அது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. இது உங்களுக்குக் குழப்பமாக இருந்தால் கவலைப்படாதீர்கள், பன்னிரண்டு வருஷமாக எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். மெஷின், மருந்து, உரம் என்று வந்தால் எப்படியோ சமாளித்துவிடுவேன். யாராவது கம்ப்யூட்டர் கோடிங்கோடு படியேறி வந்தால்தான் திண்டாடிப்போவேன். நீங்களும் அப்படி ஒரு விண்ணப்பத்தில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தவர் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாம் ஒரே கட்சி.

ரெக்கார்டு நோட்டு

கலையரசன் தேவனாம்பட்டினத்துக்காரர். அப்பா கடலுக்குப் போகிறவர். இவர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு கடலூரில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் பட்டறை ஒன்றில் இருக்கிறார். ஒருமுறை நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய் அப்பா இரண்டு நாள் அலைக்கழிந்து வந்திருக்கிறார். அதிலிருந்து இவருக்கு ஒரே நினைப்பு. கடைசியில் ஒரு சின்னப் பெட்டி செய்துவிட்டார். அதை இன்ஜின் பக்கத்தில் மாட்டிவிட்டால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்ஜின் படுக்கப் போகிறது என்று தெரிந்தால், கரைக்குத் திரும்ப நேரம் இருக்கும்போதே கூவும். போட் சாமான் விற்கும் கம்பெனிக்காரர் ஒருவர், விண்ணப்ப நம்பர் இருந்தால் பேசலாம் என்றாராம். நம்பர் இல்லாமல் பெட்டியைத் திறந்து காட்டினால் அது அவர் பெட்டியாகிவிடும், அப்புறம் தன் ஊர்க்காரர்களே வாங்க முடியாத விலைக்குப் போய்விடும் என்று கலையரசனுக்குப் பயம்.

கோடிங் எங்கே என்று கேட்டேன். பென் டிரைவ் வரும் என்று எதிர்பார்த்துக் கையை நீட்டினால், ஸ்கூல் பையிலிருந்து பிரவுன் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு வந்தது. காலேஜ் லேபில் எழுதுவோமே, அதேதான். கோடு போட்ட பக்கத்தில் நீல மையில் கோடிங், எதிரே வெள்ளைப் பக்கத்தில் பென்சிலில் படம். நாற்பது பக்கமும் கையால் எழுதியது. பென் டிரைவை நொடியில் காப்பி எடுத்துவிடுவார்களாம், மெயில் எங்கெங்கே போகும் என்று தெரியாதாம். நோட்டு மட்டும் தொலையாதா என்று கேட்டேன்.

"ரெக்கார்டு நோட்ட யாருமே படிக்க மாட்டாங்க மேடம். கையெழுத்து போடுற சாரே படிச்சதில்ல."

அம்மாவும் மாமாவும்

நான் படித்தேன். படித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஆங்கில எழுத்தில் அம்மா, அம்மா, மாமா, அம்மா. கோடிங்கில் ஒவ்வொன்றுக்கும் நாமாக ஒரு பெயர் வைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குடும்பத்தையே கூட்டிவந்து உட்கார வைத்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். மற்ற கருவிகள் எல்லாம் புது இன்ஜின் சத்தத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்க்குமாம். தேவனாம்பட்டினத்து இன்ஜின்களோ ஆளுக்கொரு இருமல் வைத்திருப்பவை. அவற்றைப் புது இன்ஜினோடு ஒப்பிட்டால் பெட்டி நாள் முழுக்கக் கூவிக்கொண்டே இருக்கும். அதனால் இவர் பெட்டி, காலையில் கிளம்பின முதல் பத்து நிமிஷச் சத்தத்தை அந்த இன்ஜினிடமிருந்தே எடுத்து வைத்துக்கொள்கிறது. அதுதான் அம்மா. அப்புறம் நாள் முழுக்க வருகிற சத்தத்தை அதோடு ஒப்பிடுகிறது. அதில் எது ரொம்பக் கோணலாகப் போகிறதோ, அது மாமா. இத்தனை நாள் யாருக்கும் தோன்றாத யோசனை இது என்று எனக்கு அப்போதே புரிந்தது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பெயர்களை மட்டும் மாற்றிவிடலாமே என்றேன். முடியாது என்று தலையாட்டினார்.

"அம்மா காலையில நிதானமா பேசுவாங்க மேடம். அத வச்சிதான் வீட்டுல எல்லார் சத்தத்தையும் அளப்போம். மாமா சாயங்காலம் வந்தா வாசல்லயே தெரிஞ்சிடும்."

கொடுக்கலாமா, கூடாதா

இங்கேதான் நம் தலைவலி ஆரம்பம். வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடையாது. ஆகவே கோடிங்கைக் கொடுத்தால், இது புரோகிராம்தானே என்று திருப்பிவிடுவார்களோ என்று பயம். கொடுக்காவிட்டால், எப்படி வேலை செய்கிறது என்று முழுசாகச் சொல்லவில்லையே என்பார்களோ என்று பயம். அண்ணாமலை நகரில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டேன். ஒரு வரி விடாமல் கொடுங்கள் என்றார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சென்னை சீனியரைக் கேட்டேன். மூச்சு விடாதே என்றார். அவர் சொன்னதை இவரிடமும் இவர் சொன்னதை அவரிடமும் சொன்னேன். இருவரும் கட்சி மாறிவிட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே ஐந்து பக்கத்தில் சுருக்கமாக எழுதி, தற்காலிக விண்ணப்பம் ஒன்று போட்டிருக்கலாம். முதலில் கொடுத்தவர் என்ற தேதி நம்முடையதாகியிருக்கும், மீதியைச் சாவகாசமாக ஒரு வருஷத்துக்குள் கொடுத்திருக்கலாம். கோடிங்கோடு எடுப்பாக ஒன்று அனுப்ப வேண்டும் என்ற என் வீம்பில் மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். கடைசியாக இன்னொரு முறை சீனியருக்கு போன் போட்டேன்.

"குடுக்கலாம், குடுக்காமலும் இருக்கலாம். ஏன் குடுத்தேன்னு கேட்டாலும் ஏன் குடுக்கலன்னு கேட்டாலும் பதில் வச்சிக்கோம்மா."

ஸ்டெல்லாவின் ஒழுங்கு

சரி, கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து நோட்டை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். ஸ்டெல்லா என் ஆபீஸில் டைப் செய்பவர், தினமும் கடலூரிலிருந்து வந்து போகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மாதா கோயிலில் கொடுக்கும் அறிவிப்புத் தாளையும் அவர்தான் டைப் செய்கிறார். அதில் ஒரு வரி கூட முன்னே பின்னே நிற்காது என்பதில் அவருக்குப் பெருமை.

இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் அடித்துவிட்டார். பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. கலையரசன் எழுதின கம்ப்யூட்டர் மொழியில், எந்த வரி எந்த வரிக்குள் அடங்கியது என்பதே, அது எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான். ஸ்டெல்லா எல்லா வரிகளையும் இழுத்து இடது ஓரத்தில் நிற்க வைத்திருந்தார், அசெம்பிளியில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி. அம்மா எங்கே முடிகிறார், மாமா எங்கே ஆரம்பிக்கிறார் என்று எழுதினவருக்கே தெரியவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். ஸ்டெல்லாவுக்கு முகம் வாடிவிட்டது.

"கோணல் மாணலா எழுதியிருந்தாரு மேடம். கவர்மெண்டுக்குப் போற பேப்பராச்சேன்னு நேரா வச்சேன்."

விட்டுப்போன பெயர்

இனி டைப் அடித்துக் கட்டுப்படியாகாது, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் கோடிங்கைத் திரையோடு பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கலையரசனிடம் சொன்னேன். அரை மனசாக ஒத்துக்கொண்டார். அவருக்கு அந்த வாரம் கல்யாண வேலை. படங்களை எடுத்து அனுப்பியது பொண்ணுக்கு அண்ணன் பிரபு, அதாவது மச்சான். நாற்பது படமும் பிரபுவின் போனிலிருந்து வந்தன. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், திங்கட்கிழமை விண்ணப்பம் என்று முடிவாயிற்று.

ஞாயிறு காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறி, கடலூரில் மண்டபத்து வாசலில் இறங்கினால் பதினைந்தடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர். மாப்பிள்ளையும் பொண்ணும் சிரிக்கிறார்கள். மேலே 'காப்புரிமை நாயகன்' என்று கொட்டை எழுத்து. கீழே கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள் வரிசை. இவர்கள் எல்லாருக்கும் பின்னால், பேனர் முழுக்க, வரி வரியாகக் கோடிங்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் கண்டுபிடிப்பை ஊரறிய வைத்துவிட்டால், அது புதுசு என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்புறம் காப்புரிமையும் இல்லை, கம்பெனிக்காரரிடம் பேச வாயும் இல்லை. ரெக்கார்டு நோட்டில் ஒளித்து வைத்ததை ரோட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். கீழேயிருந்து பார்த்தால் எழுத்து புரியவில்லை. சீரியல் பல்பு கட்டுகிறவரின் ஏணியைக் கேட்டு வாங்கி, புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். அம்மா இருக்கிறாரா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். தெரிந்த இடத்தில் இல்லை. ஆனால் பாதிக் கோடிங் மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னால் மறைந்திருந்தது, ஓரங்கள் சட்டத்துக்கு மேல் மடிந்து போயிருந்தன. கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. பேனரைக் கிழிக்கப் போகிறேன் என்று நினைத்து ஓடிவந்த பிரபு, ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"பேரு விட்டுப்போச்சுன்னு கோவமா மேடம்? அடுத்த விசேஷத்துல மேல் வரிசையிலேயே போட்டுடுறோம், எறங்குங்க."

மேடையில்

மொய்க் கவரோடு மேடை ஏறி, மாலையும் கழுத்துமாக நின்ற கலையரசனிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. வீடியோக்காரர் சிரிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு என் மேலேயே கோபம். மூன்று வாரம் முன்னால் அந்த ஐந்து பக்கத்தை அனுப்பியிருந்தால், இவர் இன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளையாக மட்டும் நின்றிருப்பார்.

சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாராவது வெளியிட்டுவிட்டால், உடனே விண்ணப்பித்துத் தப்பிக்கப் பார்க்கலாம். பேனர் பற்றி உங்களுக்குத் தெரியாது இல்லையா என்று ஆசையாகக் கேட்டேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். காலை ஆறு மணிக்கு அதே பேனருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்து, ஸ்டேட்டஸும் வைத்திருக்கிறார். பின்னால் இருந்த கோடிங் கண்ணில் படவே இல்லையா என்று கேட்டேன்.

"பேனர்ல என் மூஞ்சிய மட்டுந்தான் பாத்தேன் மேடம்."

டிசைன் போட்டவர்

பிரபுவுக்கு விஷயம் புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கச்சி மாப்பிள்ளையைப் பெருமைப்படுத்தலாம் என்று நினைத்தாராம். நாற்பது படத்தில் நாலு படத்தை டிசைன் போடும் கடையில் கொடுத்திருக்கிறார். எந்த நாலு என்று கேட்டால், 'அம்மா ஜாஸ்தி வர்ற பக்கமா பாத்துக் குடுத்தேன்' என்கிறார். கண்டுபிடிப்பின் உயிரே அந்தப் பக்கங்களில்தான்.

சாப்பிடக்கூட உட்காராமல் பிரபுவின் பைக்கில் அந்தக் கடைக்குப் போனோம். டிசைனர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஒரு காதுகுத்து பேனர் செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் ஒரிஜினலைத் திறந்து, மாப்பிள்ளை பொண்ணை நகர்த்தச் சொன்னேன். பின்னால் பச்சை எழுத்துகள். மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. எதுவோ ஒரு வெளிநாட்டுக் கடையின் பில் போடும் கோடிங். பிரபு கொடுத்த படங்கள் எங்கே என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"வெள்ளையில கறுப்பா கருமாதி பத்திரிக்கை மாதிரி இருந்திச்சி மேடம். கல்யாணத்துக்கு ஆவாதுன்னு நெட்லேருந்து பச்சையா ஒண்ணு எடுத்துப் போட்டுட்டேன், கோச்சிக்காதீங்க."

நம்பர்

கோபித்துக்கொள்ளவில்லை. அங்கேயே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு முட்டுகிற வரைக்கும் சிரித்தேன். அந்த நாலு படத்தையும் என் கண் முன்னால் அழிக்க வைத்துவிட்டு, மண்டபத்துக்கு போன் போட்டு மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொன்னேன். திங்கட்கிழமை வரை காத்திருக்கும் தைரியம் இல்லை. அதே புடவையோடு சிதம்பரம் வந்து, அன்றைக்குச் சாயங்காலமே ஆன்லைனில் அனுப்பினேன். ஐந்து பக்கம் விளக்கம், கூடவே அம்மா வருகிற நாலு பக்கம் கோடிங், வரிகள் கோணல் மாணலாக இருந்தபடியே. மீதி முப்பத்தாறு பக்கத்தைக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன், அது சரியான பதிலா என்று தெரியாது.

காப்புரிமை வர இன்னும் சில வருஷம் ஆகும், வராமலும் போகலாம். ஆனால் நம்பர் வந்துவிட்டது, தேதி கலையரசனுடையதாகிவிட்டது. அடுத்த வாரம் பிரிண்ட் வாங்க அவர் அப்பா அம்மாவோடு வந்தார். அப்பா நம்பர் இருந்த தாளை வாங்கி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். அந்த இரண்டு நாள் கடலை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. அம்மா, தன் பெயர் எங்கே வருகிறது என்று கேட்டார். வரியைக் காட்டி, காலைச் சத்தம், மாலைச் சத்தம் எல்லாவற்றையும் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"நான் காலையில மட்டுந்தான் நிதானமா பேசுவேன்னு கவர்மெண்டுக்கே எழுதிக் குடுத்திட்டியா?"

ஆக, கோடிங்கைக் கொடுப்பதா வேண்டாமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஆனால் எதைக் கொடுப்பதானாலும் கல்யாணத் தேதிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.