வன்னி விதையில் வந்த வண்டு

என் கணவருக்கு அரபு நாட்டில், புஜைரா துறைமுகத்தில், எண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் பக்கம் வேலை. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நான் மலையடிவாரத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் சேர்ந்தேன். மதுரையில் படித்த தாவரவியல் அங்கேதான் முதன்முதலாக உதவியது.

பண்ணையை ஒட்டி, மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் ஒரு பள்ளம்; அங்கே அதை வாடி என்பார்கள். நிழலுக்கென்று யாரோ எப்போதோ வைத்த சீமைக் கருவேலம் அந்தப் பள்ளம் முழுக்க இறங்கி, அந்த மண்ணுக்கே உரிய காஃப் மரங்களை நெருக்கிக்கொண்டிருந்தது. காஃப் என்றால் நம் கோயில்களில் நிற்கும் வன்னிதான்.

கருவேலத்தின் விதையைத் துளைத்துத் தின்னும் ஒரு வண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தார்கள். அதை வாடியில் விடுவதற்கு முன், வன்னி விதையை அது தொடுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

எனக்கு விதை பொறுக்கித் தந்தவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மரம் வெட்டும் ஆட்களில் ஒருவர். ஐம்பதை நெருங்கியவர், கையெல்லாம் முள் கிழித்த தழும்பு.

"மேடம், இதை எப்ப வெளிய விடுவாங்க? ஊர்லயும் இந்த மரம், இங்க வந்தும் இந்த மரம். வெட்ட வெட்டத் துளிர்க்குது."

"மரம் சாகாதுண்ணே. விதையைத்தான் தின்னும். புதுசா முளைக்கிறது குறையும்."

"அதுவே போதும் மேடம்."

ஒரு மாதம் ஆனது. கருவேல விதை இருந்த புட்டிகளில் வட்ட வட்டத் துளைகள், புது வண்டுகள். வன்னிப் புட்டியில் விதைமேல் ஒட்டிய முட்டைகளைத் தவிர ஒன்றுமில்லை. மேலாளர் சூடான் நாட்டுக்காரர், நல்ல மனிதர். அவரை மேலேயிருந்து அவசரப்படுத்தினார்கள்.

"கலாஸ், முடிந்தது, கையெழுத்துப் போடுங்கள்" என்று, வண்டு வன்னியைத் தொடவில்லை என்ற அறிக்கையை நீட்டினார்.

பேனாவை எடுத்துவிட்டேன். அந்த முட்டைகள்தான் உறுத்தின. தாமதமாகப் பொரித்தால்? இன்னும் ஒரு மாதம் கேட்டேன். தைரியம் என்று சொல்ல முடியாது, பயம்தான். அவர் ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. விதை பொறுக்குபவரும், "நீங்கதான் வேணாம்னு சொல்றீங்களாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது அதிகமாகவே வலித்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், வன்னிப் புட்டிக்குள் ஒரு பழுப்பு வண்டு நடந்துகொண்டிருந்தது. வேறு புட்டியிலிருந்து வந்திருக்கும் என்று புட்டியின் வாயில் இருந்த துணிக்கட்டைத் தடவிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. ஒரு விதையில் வட்டமான துளை. மற்றவற்றை ஊசியால் பிளந்தேன். மூன்றில் வெள்ளைப் புழு. சோதனைக்கு முன்பே அந்த விதைகளை நானே உறைபெட்டியில் வைத்து எடுத்திருந்தேன். உள்ளே பழைய புழு இருந்திருந்தாலும் குளிரில் செத்திருக்கும்.

புட்டியின் வாயை மறுபடி இறுக்கிக் கட்டினேன். கையெழுத்துப் போட்டிருந்தால் இந்நேரம் இவை வாடியில் பறந்துகொண்டிருக்கும். பிறகு யார் திரும்பப் பிடிப்பது?

மேலாளர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அன்று மதியமே எல்லாப் புட்டிகளையும் நாங்கள் இருவருமாக உறைபெட்டிக்குள் அடுக்கினோம்.

வெளியே போய் ராமநாதபுரத்துக்காரரிடம் சொன்னேன்.

"அப்ப வன்னியும் முளைக்காமப் போயிருக்குமா?"

"முளைக்கிறது குறைஞ்சிருக்கும்ணே."

"சாமி மரம் மேடம். நல்லவேளை, நீங்க பிடிவாதமா நின்னீங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம், இத்தனை நாள் பார்த்த வேலை தோற்றுவிட்டது என்றேன். "அதுக்கா இப்படிச் சிரிக்கிற?" என்றார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

பிறகு கருவேலத்தை இயந்திரம் வைத்து வேரோடு எடுத்தார்கள், வன்னியின் பக்கத்தில் மட்டும் கையால். அடுத்த குளிர்கால மழைக்குப் பின் அங்கே விரல் உயரத்தில் வன்னிக் கன்றுகள் நின்றன. ஆடு மேயாமலிருக்க அவற்றைச் சுற்றிக் கம்பிவலை கட்டினோம்.