காய்ச்சல் புல் போட்ட சயாம் குழம்பு

என் மூத்த மச்சான், அக்காவின் புருஷன், கப்பலில் சமையற்காரராகச் சயாம் வரை போய் வந்தவர். சமையற்காரர் என்று அவர் சொல்வார். செதில் சுரண்டுகிற வேலைதான் என்று அதே கப்பலில் போன இன்னொருவர் சொன்னார். நான் அந்த இன்னொருவரைத்தான் நம்புகிறேன். கடலோரத்து எங்கள் ஊரான செமின் கிரனியேக்குத் திரும்பிய நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு அவருக்கு இளப்பமாகிவிட்டது. "இது கொழம்பா, மஞ்சத் தண்ணியா?" என்பார். சொல்லிவிட்டு மூன்று தட்டுச் சோறு தின்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கையைப் பெண் பார்க்க மேட்டு ஊரான கியூர்பிப்பிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. மாப்பிள்ளை ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. எங்களுக்குக் குமாஸ்தா பெரிதில்லை, கியூர்பிப்தான் பெரிது. கடலோரத்துக் காய்ச்சல் அப்பாவையும் ஒரு தம்பியையும் கொண்டுபோயிருந்தது. மேட்டு ஊர்க் குளிருக்கு அந்தக் காய்ச்சல் ஏறாது என்று எல்லாரும் சொல்வார்கள். இவளாவது மேலே போய்ப் பிழைக்கட்டும் என்று அம்மா வேண்டாத சாமியில்லை.

"சமையலை என்கிட்ட விடுங்க" என்றார் மச்சான். அம்மாவும் மூத்த மருமகன் என்ற மரியாதைக்கு விட்டுவிட்டாள். எங்கள் முதல் தவறு அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறாலும், பாறை மீனும், ஒரு ஊரித்தும் வாங்கி வந்தார். எட்டுக்கால் கணவாயை இங்கே ஊரித் என்போம். அதைக் கல்லில் அடித்து மெதுவாக்கியது நான். பச்சை மிளகாய், பூண்டு, இஞ்சி, கொம்பாவா எலுமிச்சையின் இலை எல்லாவற்றையும் அம்மியில் அரைத்தது அக்கா. தேங்காய் துருவிப் பால் பிழிந்தது அம்மா. மச்சான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வேலியோரம் போய், எலுமிச்சம்புல்லை ஒரு கை நிறைய அறுத்துவந்து பானையில் போட்டார்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அந்தப் புல் ஒரு தூறு நிற்கும். ஆனால் உடம்பு கொதிக்கிறவர்களுக்குக் கஷாயம் வைக்க மட்டும்தான் அதை அறுப்போம். ஒரு வீட்டிலிருந்து அந்த வாசம் வந்தால், தெருவில் போகிறவர்கள் யார் படுத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள்.

"மாப்ளே, அது காய்ச்சப் புல்லு" என்றாள் அம்மா.

"அத்தே, நீங்க சயாம் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்பறம்?"



மாப்பிள்ளையின் தாயார் மகனோடு மாட்டுவண்டியிலிருந்து இறங்கியதும் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கு மட்டும் உள்ளே வந்தது.

"வீட்டுல யாருக்குக் காய்ச்சலு?"

"யாருக்கும் இல்லீங்க" என்றேன்.

"பொண்ணுக்கா?"

மச்சான் கரண்டியோடு வெளியே வந்து, சயாமில் இந்தப் புல் இல்லாமல் ராஜாவே சாப்பிடமாட்டார் என்றார். அவர் ராஜாவின் குதிரையைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

"அப்படீன்னா சயாம்ல எல்லாருக்கும் காய்ச்சலா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் வெறுஞ்சோற்றையும் ஊறுகாயையும் தவிர எதையும் தொடவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. மச்சான் மேலிருந்த கோபத்தில் அதை மறைக்க எனக்கு மனமிருந்தும், நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை ஊரித் துண்டைச் சப்பிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளக் கையை நீட்டினார். தாயார் லேசாக இருமினார். நீட்டிய கை அப்படியே திரும்பி மடிக்குப் போயிற்று. முப்பது வயது ஆண்பிள்ளை.

"பொண்ண வரச் சொல்லுங்க, தொட்டுப் பாக்குறேன்."

தங்கை வந்து கையை நீட்டினாள். அந்த அம்மாள் மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தில் புறங்கையை வைத்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். சந்தையில் மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை உண்டு.

"சூடு இல்ல. ஆனா நாளைக்கு வரலாம். ஒரு மாசம் போகட்டும், திரும்ப வந்து பாக்குறோம்."

தங்கை குழம்புக் கரண்டியை எடுத்து, மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

அவர் தன் தாயாரைப் பார்த்தார்.

 அவள் கரண்டியைப் பானையில் போட்டாள். "ஒரு மாசங் கழிச்சும் வர வேணாங்க. அவ்வளவு தூரம், வண்டி வேற குலுங்கும்" என்றாள்.

அவர்கள் போன பிறகு மச்சான் பானையை எட்டிப் பார்த்து, "கப்பல்ல இன்னுங் கொஞ்சம் புல்லு சேர்ப்போம்" என்றார். 

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "மேட்டு ஊருக்குப் போயிருந்தா பொழச்சிருப்பியேடி."

தங்கை தட்டு நிறையச் சோறு போட்டு, மிச்சமிருந்த குழம்பை வழித்து ஊற்றிக்கொண்டாள்.

"அந்த ஆளு பக்கத்துல இருந்தா பொழச்சிருப்பேனாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.