அழகமுத்துவின் வலது இடுப்பு

நாற்காலிக் கைப்பிடியில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, ரெண்டு தட்டினால் போகலாம். கலேவெல பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக நின்ற கை சும்மா கிடக்குமா? மாத்தளை வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே தெருவில் போகிறவர்களை அழகமுத்து ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். "குடைக்காரம்மா, முன்னுக்குப் போங்க!" அந்த அம்மாள் முறைத்துவிட்டுப் போவாள்.

பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழும்பி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட் வரை போய் வருவார். பிறகு சுவரைப் பிடித்து முழங்காலைத் தூக்கிப் பார்ப்பார். வலது நன்றாக எழும்பும். இடது ஒரு சாண்கூட எழும்பாது.

ரெண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்தவை. இடதுக்கு ஒப்பரேஷன் நடந்தது மூன்று வருஷத்துக்கு முந்தி. வேண்டாத எலும்பு வளராமல் இருக்க ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளைக்கு, குளிசை கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும். இவரோ பத்தாம் நாளே மாசி மகத் தேருக்குக் காப்புக் கட்டிப் பட்டினி கிடந்தார். "நோவும் இல்ல, சோறும் இல்ல. பொறகு குளிசை என்னாத்துக்கு?" தேர் முடிந்தும் அதைத் தொடவில்லை. ஆறு மாதத்தில் சதைக்குள் எலும்பு முளைத்து மூட்டைப் பூட்டிவிட்டது. ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டேதான் பஸ்ஸில் நின்றார்.

இப்போது வலதுக்கும் ஒப்பரேஷன் ஆகிவிட்டது; அதே ஆறு கிழமைக் குளிசைதான். "ஒரு பக்கம் வளந்தவருக்கு மத்தப் பக்கமும் வளரப் பாக்கும். இதுவும் பூட்டிக்கிட்டா பஸ்ஸ மறந்துடுங்க" என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்றைக்கு இருபத்தொன்பதாம் நாள். இன்றைக்குத்தான் அம்மன் தேரும். இந்த முறை காப்புக் கட்டவில்லை. ஆனாலும் கல்யாணம் முடித்த வருஷத்திலிருந்து, தேர் கோயிலுக்குத் திரும்பும் வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் அவர் வாயில் பட்டதில்லை. காலைக் குளிசை அட்டையிலேயே இருக்கிறது.

மத்தியானம் மனைவி மாரியாயி சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"தின்னுட்டுப் போடுங்க."

"ஆத்தா வாசலுக்கு வர்ற நேரத்துலயா? ஒனக்கு வெக்கமா இல்ல?"

"எனக்கென்னா வெக்கம்? மூணு வருஷமா ஆத்தாவா வந்து ஒங்க சப்பாத்துக்கு நாடா கட்டுறா? நாந்தானே குனிஞ்சு கட்டுறேன்!"

அழகமுத்து கோப்பையைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார், எழும்பினார், உட்கார்ந்தார், மறுபடி எழும்பினார். மேளம் கிட்டே வந்தது. திருப்பத்தில் தேர் நின்றது. வடம் பிடித்தவர்கள் மூச்சு வாங்கினார்கள். அழகமுத்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

பிறகு உட்கார்ந்து, கோப்பையை எடுத்து, ஊர் பார்க்க நாலு வாய் சோறு அள்ளிப் போட்டார். அட்டையை அழுத்திக் குளிசையை எடுத்து விழுங்கினார். தேரை நிமிர்ந்து பார்த்தார்.

கைப்பிடியில் ரெண்டு தட்டு தட்டினார்.