புரட்டாசியில் படுத்த பூனை

பெருமாள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் எங்கள் வீட்டு மனிதர்கள் மேல்தான். மண்ணூர்பேட்டையில் குடியிருந்தபோது, ஒரு பூனைக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிக்க நாலு பேருக்கு ஐந்து நாள் ஆனது. நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நானும் அந்த நாலு பேரில் ஒருத்தி.

அது புரட்டாசி. மாதம் பிறந்ததுமே அம்மா மீன் சட்டியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிடுவாள். அப்புறம் வீட்டுக்குள் கவுச்சி கிடையாது. அப்பா ஒத்துக்கொண்டார். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். எங்கள் பூனை வெள்ளச்சிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். முதல் வாரம் பால்சோறு தின்றது. இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை, மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மீன் கேட்டு அடம் புடிக்குது. புடிக்கட்டும், எத்தினி நாளைக்கு?" என்றாள் அம்மா.

மாமா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை முடித்து வந்தவர், காய்ந்துபோன தட்டைப் பார்த்தார். "இன்னாக்கா, பூனையும் ஒருபொழுது விரதம் கீதா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் பூஜை அலமாரிக்குக் கீழே வாந்தி எடுத்தது. அம்மா துடைப்பத்தால் ஒன்று வைத்தாள். அடி வாங்கிய பூனை பாய்ந்து ஓட வேண்டாமா? ஓடவில்லை. நாலடி நடந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டது. அப்போதாவது எங்களில் ஒருவருக்கு மூளை வேலை செய்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அம்மா வாசல் நிலைக்கு மஞ்சள் பூசினாள். சனிக்கிழமை காலை பார்த்தால், வெள்ளச்சியின் காதுக்குள் மஞ்சள்.

"நிலையில ஒரசியிருக்கும். தொடச்சி உடு," என்றாள் அம்மா, பெருமாளுக்குப் படைக்கிற தளிகைக்குப் புளியோதரை கிளறிக்கொண்டே.

ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறும் மஞ்சள்.

"அம்மா, வாய்க்குள்ள யார் மஞ்சள் பூசுனது?"

அம்மாவின் கரண்டி நின்றது.

பூனையை ஒயர் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, மாமாவின் வண்டியில் மூன்று பேரும் அம்பத்தூர் மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் மாமாவின் வைத்தியம். "காமாலைதானக்கா. கீழாநெல்லி அரைச்சு, உப்பில்லாம மோர்சோறு போட்டா ஓடியே பூடும்."

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார், வயிற்றை ஸ்கேன் செய்தார். பித்தம் போகிற குழாயில் கிருமி ஏறி, ஈரல் வரைக்கும் வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றார். ஊசி போட்டு, பல வாரத்துக்கு மாத்திரை எழுதினார். மாமா பத்தியத்தைப் பற்றி வாயைத் திறந்தார். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"பத்தியமா? பூனை பட்டினி கிடந்தாலே ஈரல் கெட்டுடும். ஏற்கெனவே அஞ்சு நாள் போட்டுட்டீங்க. மீனோ கோழியோ, எதைத் தின்னுதோ அதைக் குடுங்க. தின்னலைன்னா மாத்திரை மட்டும் காப்பாத்தாது."

"புரட்டாசிங்கம்மா," என்றாள் அம்மா.

"பூனைக்கா?" என்றார் டாக்டரம்மா.

வீடு திரும்பியதும் அம்மா பெருமாளுக்குத் தளிகை போட்டுக் கற்பூரம் காட்டி, உதடு அசைய என்னவோ வேண்டிக்கொண்டாள். காட்டி முடித்ததும் மாமாவை மீன் வாங்க அனுப்பினாள். புரட்டாசி சனிக்கிழமையில், எங்கள் அம்மா.

பின்பக்கம் துவைக்கிற கல்லருகே மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்தாள். பரணிலிருந்து சட்டி இறங்கியது. மீனை வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, மசித்து, விரல் நுனியால் பூனையின் வாய்க்குள் தடவினாள். அது துப்பியது. மறுபடி தடவினாள். "துன்னு, சனியனே. துன்னித் தொலை." கையெல்லாம் கீறல். ஒவ்வொரு தடவையும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை.

மாத்திரை கதை தனி. மாமா பிடிக்க, நான் போட, விழுங்கிவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக உட்கார்ந்த பிறகு கட்டிலுக்கடியில் மாத்திரை கிடக்கும். மறுபடி முதலிலிருந்து. அப்பா மட்டும் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மெதுவா, மெதுவா," என்பார். அந்தப் பேப்பரைக் கிழிக்கலாம் போலிருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் வெள்ளச்சி தானாக நாக்கை நீட்டி அம்மாவின் விரலை நக்கியது. அம்மா அசையாமல் கையை அப்படியே வைத்திருந்தாள். மாதம் முடிவதற்குள் காது பழைய வெளுப்புக்கு வந்துவிட்டது.

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு அப்பா வஞ்சிரம் வாங்கி வந்தார். அம்மாதான் வறுத்தாள், எல்லோருக்கும் பரிமாறினாள், தனக்கு ரசம் ஊற்றிக்கொண்டாள். அடுத்த வாரமும் ரசம்தான்.

"இன்னாக்கா, உனக்கு மட்டும் இன்னும் புரட்டாசி முடியலியா?" என்று மாமா கேட்டார்.

"உன் வேலையப் பாரு," என்றாள். விளக்கேற்றும்போது கன்னத்தில் போட்டுக்கொள்பவள், இப்போதெல்லாம் பூனை காலை உரசினாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூனைக்கு ஊட்டி ஊட்டி அம்மாவுக்கு மீன் வாசனையே ஆகாமல் போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். ஐப்பசி முழுக்க, வாரா வாரம், அவள் பங்குத் துண்டையும் என் தட்டில் போட்டுக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.