மலை அக்காவின் புத்தி

மலை அக்கா எந்த நாளில் முட்டாளானாள்? அந்த நாளைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கு முந்தைய நாளிலிருந்து மறுபடியும் தொடங்கலாம் என்று பார்க்கிறேன். பிடிபடவில்லை.

மலை அக்கா என் மகளுக்காக நான் உண்டாக்கிய ஆள். மகளுக்கு நாலு வயது. சோற்றுத் தட்டைக் கண்டால் உதட்டை இறுக மூடிக்கொள்வாள். எடை அட்டையில் அவளுடைய புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கிய மாதத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். கதை சொன்னால் சாப்பிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆரம்பித்தேன்.

கல்யாணமான புதிதில் நானும் கணவரும் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போனோம். வளைவு ஏற ஏற எனக்குக் குடலைப் புரட்டியது. பக்கத்தில் இருந்த மலைப்பெண்ணுக்குப் பதினைந்து வயதிருக்கும். ஓர் எலுமிச்சை இலையைக் கசக்கி என் கையில் கொடுத்து, "ரோட்ட பாக்காதீங்க அக்கா, தூரத்துல அந்த மலைய பாருங்க" என்றாள். பார்த்தேன், அடங்கிவிட்டது. அவள்தான் என் கதையில் மலை அக்கா ஆனாள்.

முதல் கதைகளில் அவளுக்குத் தெரியாதது கிடையாது. எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து மழை வரும் என்பாள். சாமை மூட்டையைத் திருட வந்த நரியை அந்த மூட்டையையே சுமக்க வைத்து வீடு வந்து சேர்வாள். மகள் கண்கொட்டாமல் கேட்பாள். ஆனால் வாய் மூடியே இருக்கும். ஆழ்ந்து கேட்கிற பிள்ளை வாயைத் திறப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் மலை அக்காவைக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தேன். வெள்ளிமலை பஸ் என்று நினைத்து, மலைப் பக்கமே போகாத ரிஷிவந்தியம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். "ஐயோ, என் மலைய யாரு எடுத்துக்கினு போனது?" என்று கண்டக்டரிடம் சண்டை போட்டாள். மகள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். திறந்த வாய்க்குள் ஓர் உருண்டை பருப்புச் சோறு போய்விட்டது. இன்னொரு சிரிப்பு, இன்னோர் உருண்டை. தட்டு காலியானதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

அதன்பிறகு மலை அக்கா நரியைச் சந்திக்கவே இல்லை. ஜவுளிக்கடைப் பொம்மைக்கு வணக்கம் சொன்னாள். பல்பை ஊதி அணைக்கப் பார்த்தாள். போகிற பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினாள். புத்திசாலி மலை அக்காவுக்கு ஒரு கதை யோசிக்க எனக்கு அரை நாள் ஆகும். முட்டாள் மலை அக்காவுக்கு யோசிக்கவே வேண்டாம். சந்தைக்கு வரும் மலைக்காரர்களைப் பற்றிச் சின்ன வயதில் காதில் விழுந்த கேலிகள் தாமாகவே வந்து நின்றன. பி.எட். படித்தவள் நான். அவை எங்கிருந்து வருகின்றன என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

மகள்தான் யோசித்தாள். "மலை அக்காக்கு முன்னாடி எல்லாந் தெரியுமே. இப்ப ஏன் தெரில?"

நான் கையில் உருண்டையோடு இருந்தேன். "அது ஒழுங்கா சாப்புடல. அதான் மூளை பூடுச்சி" என்றேன். மகள் பயந்துபோய் வாயைத் திறந்தாள்.

போன மாதம் சுகாதார நிலையத்தில் எடை போட்டோம். இந்த வருடம் புதிதாக வந்த நர்ஸ். அட்டையில் புள்ளி மறுபடியும் பச்சைக்கு ஏறியிருந்தது.

"சூப்பர் பாப்பா! அம்மா இன்னா குடுக்கறாங்க உனக்கு?"

"மலை அக்கா கதை."

"அது இன்னா கதை? எனக்குஞ் சொல்லு."

மகள் எடை மெஷின்மேல் நின்றபடியே சொன்னாள். "மலை அக்காக்கு ஒண்ணுமே தெரியாது. பஸ்ஸ தொரத்திக்கினு ஓடும். பொம்மைக்கு வணக்கம் சொல்லும். சாப்புடாதா, அதான் அதுக்கு மூளையே இல்ல."

வரிசையில் இருந்த இரண்டு அம்மாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நர்ஸ் அட்டையில் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "நானும் வெள்ளிமலதான் பாப்பா. எனக்கு பஸ் ஏறத் தெரியுமே. தெனம் ரெண்டு பஸ் மாறித்தான் இங்க வரேன்."

மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க சாப்புடுவீங்களா?"

"நல்லா சாப்புடுவேன்." பிறகு என்னிடம், "அடுத்த மாசம் இட்டுக்கினு வாங்க" என்று அட்டையை நீட்டினார்.

அவ்வளவுதான். நர்ஸின் முகம் சிரித்தபடியே இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் போனவரை அவர் "வாங்கம்மா" என்றார், என்னிடம் அந்த "அம்மா" இல்லை. இல்லை, நானாகக் கற்பனை செய்கிறேனா? உடனே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வரிசை முழுவதற்கும் தெரிந்து அவருக்கு இன்னும் சங்கடமாகியிருக்குமோ? பஸ் நிலையம்வரை இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். மகள் கையை உதறிக்கொண்டு, "அந்த நர்ஸ் பொய் சொல்றாங்களாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நீ?" என்றாள்.

அன்று மாலையே மலை அக்காவுக்குப் புத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். வழியில் நின்றுபோன ஜீப்பை அவளே சரிசெய்து ஓட்டினாள். மகள் உதட்டை மூடிக்கொண்டாள். "இது மலை அக்கா இல்ல. வேற யாரோ." அடுத்த நாள் முட்டாள் வேலையை எல்லாம் எனக்கே கொடுத்துப் பார்த்தேன். பஸ்ஸைத் துரத்தியது அம்மா. "போம்மா, உனக்கு எல்லாந் தெரியும்" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கதைதான? கொழந்த துன்னுதா, அத பாப்பியா. இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கினு கீற" என்றார்.

"எலுமிச்சை இலை குடுத்துச்சே அந்தப் பொண்ணு, ஞாபகம் இருக்குதா உங்களுக்கு?"

"எந்தப் பொண்ணு?"

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாளும் தட்டு அப்படியே இருந்தது. மலை அக்காவைப் பொம்மைக்கு வணக்கம் சொல்ல வைத்தேன். மகள் சிரித்தாள். உருண்டையை வைத்தேன். எனக்குத்தான் முன்போல மகிழ்ச்சி வரவில்லை.

வருகிற புதன்கிழமை அடுத்த எடை. அதே நர்ஸ்தான் இருப்பார். புள்ளி இறங்கியிருந்தாலும் எனக்குப் பயம், ஏறியிருந்தால் எதனால் ஏறியது என்று அவருக்குத் தெரியும். அவரிடம் நான் பேச வேண்டுமா, மகளைப் பேச விட வேண்டுமா? மலை அக்காவைக் கதையிலிருந்தே அனுப்பிவிட வேண்டுமா? அல்லது அவள் புத்தி திரும்பியதைப் பிள்ளை நம்பும்படி, அதுவும் வாயைத் திறந்து சிரித்து நம்பும்படி, ஏதாவது ஒரு வழி இருக்கிறதா? பிள்ளைக்குச் சோறூட்டிப் பழகியவர்கள், குறிப்பாக மலையிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், கோபம் இருந்தால் அதையும் சேர்த்தே எனக்குச் சொல்லுங்கள். புதன்கிழமைக்குள் சொன்னால் நல்லது.