ஏழாவது குழாய்

சாமுவேல் சார் இறந்துவிட்டார். முந்தாநாள், செங்கல்பட்டில்... நெஞ்சுவலி.

காலேஜில் மண்ணையும் பாறையையும் பற்றிப் பாடம் நடத்தியவர். எங்கள் கடற்கரையில் அவர் மண் எடுத்த குழிகள் ஒன்பது. ஒன்பதும் நான் வெட்டியது.

எனக்கு எழுதப் படிக்க வராது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வந்துபோன மறு வருஷம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உப்பங்கழியில் மட்டிச் சிப்பி வாரிக்கொண்டிருந்தேன். பேன்ட் போட்ட ஒருத்தர் கரையில் உட்கார்ந்து, சேற்றைக் கிள்ளி வாயில் போட்டு மெல்கிறார்.

“இன்னா சார், பசியா? வூட்டாண்ட மீன் கொயம்பு கீது, வா.”

துப்பிவிட்டுச் சிரித்தார். “நறநறன்னா மணலு. வழவழன்னா களி. பல்லுக்குத்தான் தெரியும் அண்ணாத்த. நீயும் போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார். அன்றைக்கே மண்வெட்டியோடு அவர் பின்னால் போய்விட்டேன்.

அவருக்கு ஒரே கேள்விதான். இந்தச் சுனாமிக்கு முன்னால் கடல் இதே மாதிரி எப்போது உள்ளே வந்தது?

ஆழமாக வெட்டினால் கறுப்புக் களிக்கு நடுவே வெள்ளை மணல் ஒரு பட்டையாகக் கிடக்கும். கடல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. குழிச் சுவரில் இரும்புக் குழாயை அடித்து அந்த மணலை எடுப்போம். உடனே வாயை மூடி, டேப் ஒட்டி, கறுப்புத் துணியில் சுற்ற வேண்டும். “தொறக்கவே கூடாது” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஏழாவது குழி. சார் சாப்பிட ஜீப்புக்குப் போயிருந்தார். குழாயைத் தூக்கினால் உள்ளே லொடலொட என்கிறது... பாதிதான் மண்.

நான் மட்டி அளக்கிறவன். படிக்கு மேல் கோபுரமாகக் கொட்டிக் கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். குறை அளவாக ஒன்றை இன்னொருத்தரிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

டேப்பைப் பிரித்தேன். உச்சி வெயில். வெளியே கிடந்த அதே வெள்ளை மணலை அள்ளி, முட்ட முட்ட நிரப்பி, பழையபடி ஒட்டி வைத்துவிட்டேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைப்பு.

மறு வருஷம் வந்தபோது சார் முகமே சரியில்லை.

“மத்த குழாயெல்லாம் ஒரே கதைய சொல்லுது அண்ணாத்த. ஏழாவது மட்டும் நேத்துதான் வந்தேன்னு சொல்லுது. இன்னா ஆச்சுன்னே புரியல.”

அப்போதுதான் விளக்கினார். எவ்வளவு காலம் இருட்டில் கிடந்தோம் என்று அந்த மணலே லேபில் சொல்லுமாம். வெயில் பட்டால் எல்லாம் மறந்துவிடுமாம்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்... சொல்லவில்லை.

ரிட்டையர் ஆன பிறகும் போன் செய்வார். கடல் எப்படி, மட்டி கிடைக்கிறதா, கால்வலி குறைந்ததா என்று கேட்பார். கடைசியில் பேச்சு அந்தக் குழியில் வந்து நிற்கும்.

என் வீட்டுக்காரி போன பிறகு எனக்கென்று போன் செய்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். உண்மையைச் சொன்னால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயம். சாப்பிட்டாயா என்று அப்புறம் யார் கேட்பார்கள்?

போன மாசம் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

“யோவ்... இத்தினி வருஷமா நான் லேப்காரனைத் திட்டிக்கினு கீறேன்யா!”

இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். பிறகு குரல் மாறியது. “மழைக்கு முன்ன வரேன். அதே எடத்துல வெட்டலாம். எடம் தெரியுமா?”

“கண்ண மூடிக்கினு காட்றேன், நீ வா சார்.”

அந்தக் குழி இருந்த சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டார்கள். யாரோ காம்பவுண்ட் கட்டப் போகிறார்கள், கல் இறக்கியிருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லலாம் என்று நேற்று காலை போன் போட்டேன். எடுத்தது அவர் மகள்.

“அப்பா போய்ட்டாங்க... நீங்க யாரு பேசுறது?”

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போனேன். நேராகக் கல்லறைத் தோட்டம். பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய மனுஷர்கள். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது.

குழிச் சுவரைப் பார்த்தேன். மேலே ஒரு முழம் செம்மண், அதன் கீழே சரளை, அப்புறம் மஞ்சள் களி. பக்கத்தில் நின்றவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தம்பி வந்து கேட்டார். “பெரியவரே, நீங்க?”

“சாருக்குக் குழி வெட்னவன்பா.”

“அப்ப இருங்க. எல்லாரும் மண்ணு போட்டதும் மூடிடலாம்.”

நான் மறுக்கவில்லை. மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

இன்று காலை ஏழாவது குழி இருந்த இடத்துக்குப் போனேன். இடுப்பளவு வெட்டினேன். கறுப்புக் களி வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் போனால் வெள்ளை மணல்.

குழாயும் இல்லை, கறுப்புத் துணியும் இல்லை. எடுத்தால் வாங்கிக்கொண்டு போகவும் ஆள் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அதோடு நிறுத்திவிட்டேன் சார். மணலைத் தொடவில்லை. மண்ணைத் தள்ளி மூடி, மிதித்துவிட்டு வந்துவிட்டேன்.

போய் வா சார்.